காற்றும் கசிவும்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கி வரும் ஜி.எஸ்.டி. சாலை, திண்டிவனத்தை அடைந்ததும் கிழக்கே புதுச்சேரிக்கும் மேற்கே செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் கிளைகளை அனுப்பிவிட்டு, தான் மட்டும் விக்கிரவாண்டியைத் தொட்டுக்கொண்டு விழுப்புரம் செல்கிறது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள இந்தச் சுமார் 40 கிலோமீட்டர் தூரம், ஏற்றமும் இறக்கமும் அதிகமில்லாத சமவெளி. பழைய கார் வைத்திருப்பவருக்கு இத்தகைய பாதை மிகவும் சுகமானது என்று எவருக்கும் தோன்றும். ஆனால் அதன் சுகத்திலேதான் ஓர் அபாயமும் அடங்கியிருக்கிறது. பிரேக்கில் குறை இருந்தால், ஏற்காட்டுக்கோ ஏலகிரிக்கோ ஏறி இறங்கும் மலைப்பாதை அதை முதல் சில வளைவுகளுக்குள்ளேயே வெளிப்படுத்திவிடும். சமவெளியோ, வண்டியை நிறுத்துவதற்கு வேண்டிய அவகாசத்தையெல்லாம் தாராளமாகக் கொடுத்து, குறையை மாதக்கணக்கில் மறைத்து வைத்துக்கொண்டிருந்து, முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர் ஒன்று எதிர்பாராமல் சாலையின் குறுக்கே திரும்புகிற அந்த ஒரு வினாடியில்தான் அதை வெளியே விடும்.

இந்தச் சாலையில் ஒரு காலத்தில் ஓடிய கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை தயாராகி வந்த அம்பாசடர், பம்பாயில் உருவான பியட் 1100-உம் அதன் மறுபெயரான பிரீமியர் பத்மினியும், இதே ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்தில் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இவற்றுக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த மோரிஸ் மைனரும் ஆஸ்டின் ஏ-40-உம் என்று அந்தப் பட்டியல் சீக்கிரமே முடிந்துவிடும். இன்று இவற்றை அபிமானத்தால் வைத்துக் காப்பாற்றி வருகிறவர்கள் சிலரே. அவர்கள் அடிக்கடி சந்திக்கும் வியாதிகளில் இரண்டு மிக முக்கியமானவை: பிரேக்கின் குழாய்களுக்குள் காற்றுப் புகுந்துகொள்வது ஒன்று, எஞ்சினின் வால்வு தன் இருக்கையில் சரியாக உட்காராமல் வாயுவைக் கசியவிடுவது மற்றொன்று. ஒன்று வண்டியை நிறுத்துகிற சக்தியைக் குறைக்கிறது. மற்றொன்று அதை ஓட்டுகிற சக்தியைக் குறைக்கிறது. ஆயினும் இவ்விரண்டையும் சேர்த்து ஆராய்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்த இடத்தில் இடைவெளி அறவே இருக்கக்கூடாது, எந்த இடத்தில் மயிரிழை அளவேனும் இடைவெளி இருந்தே தீரவேண்டும் என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் இரண்டின் சூட்சுமமும் அமைந்திருக்கிறது.

முதலில் பிரேக்கைப் பார்ப்போம். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் மீது ஓரிடத்தில் செலுத்தப்படும் அமுக்கம், குறையாமலும் கூடாமலும் அத்திரவத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் எல்லாத் திசைகளிலும் பரவுகிறது என்ற விதியை, பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்தின் பிளேஸ் பாஸ்கல் நிறுவினார். அவருடைய நூல் அவர் இறந்த மறு ஆண்டில், 1663-இல்தான், அச்சேறியது. இந்த விதியைக் காரின் நான்கு சக்கரங்களுக்கும் பிரயோகிக்கலாம் என்று கண்டு, திரவ பிரேக்குக்கு வழி செய்தவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட்; 1921-இல் டூசன்பர்க் என்ற கார் அத்தகைய பிரேக்குகளை நான்கு சக்கரங்களிலும் தாங்கி வெளிவந்தது. அதுவரை கம்பிகளாலும் தண்டுகளாலும் இழுக்கப்பட்டு, ஒரு சக்கரம் முன்னதாகவும் மற்றொன்று பின்னதாகவும் பிடித்து வண்டியை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும் பிரேக்குகளோடு மல்லாடியவர்களுக்கு, எல்லாச் சக்கரங்களிலும் ஒரே சமயத்தில் ஒரே அமுக்கம் என்பது பெரிய வரப்பிரசாதமாகவே இருந்திருக்கவேண்டும்.

கணக்காகப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். டிரைவர் பெடலை 20 கிலோ எடையின் பலத்தோடு மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோலாக வேலை செய்து அதை ஐந்து மடங்காக்கி, மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் மீது 100 கிலோவாகச் சேர்ப்பிக்கிறது. அந்தப் பிஸ்டனின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் என்றால், திரவத்தில் எழும் அமுக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ. சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டுப் பிஸ்டன்கள். ஒவ்வொன்றின் பரப்பும் 5 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒவ்வொன்றும் தன் பிரேக் ஷூவை 125 கிலோ பலத்தோடு டிரம்மின் மீது அழுத்துகிறது. எட்டும் சேர்ந்தால் 1,000 கிலோ. இருபது கிலோ ஆயிரம் கிலோவாகிவிட்டது. ஆனால் இயற்கை எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை; பலத்தில் ஐம்பது மடங்கு லாபம் பெற்றவர் தூரத்தில் ஐம்பது மடங்கு கொடுத்தாகவேண்டும். பெடல் 5 சென்டிமீட்டர் இறங்கினால், சக்கரத்தில் பிஸ்டன் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். பிரேக் முழுவதும் இந்த ஒரு மில்லிமீட்டரை நம்பித்தான் இருக்கிறது.

இப்போது அந்தக் குழாய்களில் எங்கோ 2 கன சென்டிமீட்டர் காற்று புகுந்திருப்பதாகக் கொள்வோம். மேலே சொன்ன அமுக்கத்தில் திரவம் சுருங்குவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. காற்றோ ஏறத்தாழ இருபத்தாறில் ஒரு பங்காகக் குன்றிவிடும். குன்றிப்போன காற்று விட்டுச்சென்ற இடத்தை நிரப்புவதற்கு மட்டுமே மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் அதிகமாக நகரவேண்டும். அதற்காகப் பெடல் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் அதிகமாக இறங்கவேண்டும். ஐந்தில் பிடித்த பிரேக் இனி ஏழரையில்தான் பிடிக்கும். காற்று இன்னும் கொஞ்சம் அதிகமாயிருந்தால், பெடல் தரையைத் தொட்ட பிறகும் ஷூ டிரம்மைச் சரியாகத் தொட்டிராது. டிரைவரின் பலத்தில் குறையில்லை. யந்திரத்தில் எதுவும் உடையவுமில்லை. காற்றை அமுக்குவதிலேயே கால் தன் தூரத்தையெல்லாம் செலவழித்துவிட்டது.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? மாஸ்டர் சிலிண்டரின் டப்பாவில் பிரேக் ஆயில் அடிமட்டத்துக்கு இறங்கும்போது நேராகவே உள்ளே போய்விடுகிறது. வீல் சிலிண்டரின் ரப்பர்க் கப் நைந்திருந்தால், பெடல் திரும்புகையில் உண்டாகும் உறிஞ்சலில் உள்ளே வருகிறது. மூன்றாவது வழி விநோதமானது: காற்று வெளியிலிருந்து வராமல், வாயு உள்ளேயே உற்பத்தியாகிறது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெய் அல்ல. பெரும்பாலும் கிளைக்கால் வகையைச் சேர்ந்த ஒரு திரவம். பழங்காலத்தில் ஆமணக்கெண்ணெயில் ஆல்கஹால் கலந்து உபயோகித்தார்கள் என்பது, ஆமணக்கை வரப்போரத்தில் பார்த்தே பழகிய நமக்கு ஆச்சரியமாயிருக்கும். இன்றைய திரவத்துக்கு ஈரத்தை ஈர்க்கும் சுபாவம் உண்டு. டாட்-3 என்று குறிக்கப்படும் வகை, புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது நியதி, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்த பின்போ, 140 பாகையில் கொதிக்காதிருந்தாலே போதுமென்று அதே நியதி இறங்கிவருகிறது. இவ்வளவு சொற்ப நீர், கொதிநிலையை 65 பாகை தாழ்த்திவிடுகிறது. சூடேறிய டிரம்மின் பக்கத்தில் அந்த நீர் ஆவியாகிக் குமிழியானால், அதுவும் காற்றைப் போலவே அமுங்கும்.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணத்தின் உப்பளங்கள் வந்துவிடும். கடற்காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் இப்பகுதியில் உலவுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில் அது உச்சத்தை அடைகிறது. டப்பாவின் மூடியில் காற்றோட்டத்துக்காக விடப்பட்ட நுண்ணிய துவாரம் வழியாக அந்த ஈரம் மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டேயிருக்கும். அதிலும், ஷெட்டில் நிறுத்தியே வைத்து, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கப்படும் வண்டிக்குத்தான் இந்தத் தொந்தரவு அதிகம். அசையாமல் நிற்கும் ஆயிலில் சேர்ந்த நீர் சிலிண்டரின் உட்சுவரில் துருப்புள்ளிகளை உண்டாக்குகிறது. அடுத்த தடவை பெடலை மிதிக்கையில் அந்தப் புள்ளிகள் ரப்பரின் விளிம்பைக் கிழிக்கின்றன. வண்டி ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றிவிடவேண்டும் என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள் வற்புறுத்துவது இதனால்தான். இதைக் கடைப்பிடிக்கிறவர்கள் மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது.

வியாதியை நிர்ணயிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை, கால் போதும். மிதிக்கையில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, விட்டால் மெத்தென்று எழும்பினால், உள்ளே காற்று இருக்கிறது. பெடல் மிகவும் தாழ்ந்து போய், ஆனால் அங்கே கட்டியாக நின்றுவிட்டால், காற்றின் மீது பழி சுமத்தவேண்டாம். லைனிங் தேய்ந்து ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது, அட்ஜஸ்டரைத் திருகினால் சரியாகிவிடும். அமுக்கிப் பிடித்திருக்கையிலேயே பெடல் காலுக்கடியில் மெதுவாக நழுவி இறங்கிக்கொண்டே போனால், அது எல்லாவற்றிலும் கொடியது: எங்கோ ஒரு கப் கசிகிறது. அக்காலத்துக் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்ந்து ஒரே திரவச் சுற்றுத்தான். ஓரிடத்தில் பெரிய கசிவு ஏற்பட்டால் நான்கும் ஒருங்கே போய்விடும், மிஞ்சுவது கம்பியால் இழுக்கப்படும் ஹாண்ட் பிரேக் மாத்திரமே. அத்தகைய வண்டியைச் சிகிச்சை முடியும்வரை சாலையில் இறக்கவே கூடாது.

காற்றை வெளியேற்றும் முறையை எந்தச் சாலையோர ஒர்க்‌ஷாப்பிலும் பார்க்கலாம். மேஸ்திரி வண்டிக்கடியில் படுத்திருக்கிறார். பையன் டிரைவர் சீட்டில். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிக தூரத்திலுள்ள சக்கரத்தில், அதாவது வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த நம் வண்டிகளில் இடது பின்சக்கரத்தில், வேலை ஆரம்பமாகிறது. வீல் சிலிண்டரின் உச்சியில் நிப்பிள் இருக்கிறது. காற்று எப்போதும் மேலேறிச் சேரும் ஆதலால் அதை அங்கே வைத்தார்கள். நிப்பிளில் செருகிய மெல்லிய டியூபின் மறுமுனை, கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய கண்ணாடிப் பாட்டிலுக்குள் முழுகியிருக்கிறது.

"மிதி தம்பி. மெதுவா... பிடிச்சுக்கோ."

"பிடிச்சிருக்கேண்ணே."

ஸ்பேனர் கால் சுற்றுத் திரும்புகிறது. பழுப்பு நிற ஆயில் டியூபில் விரைகிறது. அதன் நடுவே மணிமணியாகக் குமிழிகள் பாட்டிலின் அடியில் புறப்பட்டு மேலே வந்து உடைகின்றன.

"இறங்கிடுச்சுண்ணே."

"அப்படியே இரு, விட்டுடாதே." நிப்பிளை இறுக்குகிறார். "ம்... இப்ப விடு."

அந்த "விட்டுடாதே" என்ற உத்தரவில்தான் முழுச் சாஸ்திரமும் இருக்கிறது. நிப்பிள் திறந்திருக்கும்போது பையன் காலை எடுத்துவிட்டால், திரும்பும் பிஸ்டன், வெளியே போன காற்றை வட்டியோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். "மெதுவா" என்பதற்கும் காரணம் உண்டு. அவசரப்பட்டுத் தடதடவென்று மிதித்தால், பெரிய குமிழிகள் உடைந்து பொடிக் குமிழிகளாகித் திரவம் முழுவதும் பரவிவிடும். பிறகு அவை ஒன்றுகூடி மேலேறுவதற்கு வெகுநேரம் காத்திருக்கவேண்டும். இன்னொரு சூட்சுமம் பலருக்குத் தெரிவதில்லை. வெகுநாள் ஓடிய வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் தினசரி போய்வரும் பகுதி மட்டும் வழுவழுப்பாயிருக்கும். அதற்கப்பால், பெடல் தரைவரை இறங்கினாலொழிய பிஸ்டன் தொடாத பகுதியில், துருவும் கசடும் படிந்திருக்கும். காற்றெடுக்கையில் பெடலைத் தரைமட்டும் மிதித்தால், நன்றாக இருந்த கப் அந்தக் கரட்டுப் பகுதியில் உராய்ந்து கிழிந்துபோகும். காற்றெடுத்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று அங்கலாய்ப்பவர்களின் கதை பெரும்பாலும் இதுவே. பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்திவிட்டால் இந்த விபரீதம் நேராது.

பிறகு வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், கடைசியில் வலது முன்சக்கரம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவில் டப்பாவை எட்டிப் பார்த்து நிரப்பிக்கொண்டே வரவேண்டும்; அது ஒருமுறை காலியானால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். மோரிஸ் மைனரில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில் தரைப்பலகைக்குக் கீழே இருக்கிறது. கார்ப்பெட்டை விலக்கி மூடியைத் தேடவேண்டியிருப்பதால் அதைப் பார்ப்பதையே மறந்துவிடுகிறார்கள். மூடியைத் திறக்குமுன் சுற்றிலுமுள்ள மண்ணைத் துடைக்காவிட்டால், ஒரு மணல்துகள் போதும், எல்லா வேலையும் பாழ். கழுவுவதற்குப் பெட்ரோலையோ எஞ்சின் ஆயிலையோ மண்ணெண்ணெயையோ உபயோகிக்கவே கூடாது. கனிம எண்ணெய் பட்டால் அந்த ரப்பர்கள் உப்பிப்போகும். பிரேக் ஆயிலோ ஸ்பிரிட்டோதான் இங்கே கழுவுநீர்.

காற்றை முழுவதும் எடுத்த பிறகும் சில வண்டிகளில் பிரேக் சரியாவதில்லை. "ரெண்டு மிதி மிதிச்சாத்தான் பிடிக்குது" என்பார்கள். அல்லது, மிதித்த காலை எடுத்த பிறகும் சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்பார்கள். இங்கேதான் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே இருக்கும் இரண்டு சின்னஞ்சிறு உறுப்புகளைக் கவனிக்கவேண்டும். டிரம் பிரேக் உள்ள கார்களில் மாஸ்டர் சிலிண்டரின் கோடியில் ஒரு செக் வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும், குழாய்களில் சதுர அங்குலத்துக்குப் பத்துப் பவுண்டு அளவில் ஒரு மிச்ச அமுக்கத்தை அது நிறுத்தி வைக்கிறது. அந்த அமுக்கம் வீல் சிலிண்டரின் ரப்பர்க் கப்புகளைச் சுவரோடு ஒட்டவைத்து, வெளிக்காற்று உறிஞ்சப்படாமல் காக்கிறது. இந்த வால்வின் ரப்பர் கெட்டுவிட்டால் ஆயில் முழுவதும் பின்வாங்கிவிடும். முதல் மிதி குழாயை நிரப்புவதிலேயே போய், இரண்டாவது மிதிதான் பிரேக்கைப் பிடிக்கும். ஷூ அட்ஜஸ்ட்மென்டு சரியாயிருந்தும் இவ்வாறு நேர்ந்தால் சந்தேகம் இந்த வால்வின்மீதுதான் விழவேண்டும்.

மற்றொன்று வால்வு அல்ல, ஒரு துளை. குண்டூசி முனைபோல நுண்ணியதான அது, பெடல் முழுவதும் எழும்பி நிற்கையில் சிலிண்டரையும் டப்பாவையும் இணைக்கிறது. டிரம்மின் சூட்டால் விரிவடையும் ஆயில் இதன் வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்பவேண்டும். கசடு அதை அடைத்தாலும், பெடலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இருக்கவேண்டிய சிறிய தளர்ச்சியை யாராவது இறுக்கி இல்லாமல் செய்துவிட்டாலும், அந்தத் துளை எப்போதும் மூடியே இருக்கும். வண்டி ஓட ஓட ஆயில் சூடேறும், விரியும், போக இடமின்றி ஷூக்களைத் தள்ளும், தள்ளிய ஷூ உராய்ந்து மேலும் சூடேற்றும். சில மைல்களில் நான்கு சக்கரங்களும் தாமாகவே இறுகி வண்டி நின்றுவிடும். ஆறிய பிறகு ஒன்றுமே நடவாததுபோல் ஓடும்! காரணம் தெரியாதவர்கள் லைனிங்கை மாற்றுவார்கள், டிரம்மைக் கடைவார்கள். பெடலில் அரை அங்குலத் தளர்ச்சி இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்த்திருந்தால் செலவெல்லாம் மிஞ்சியிருக்கும்.

காரின் பிரேக்குக்குப் பரம விரோதியான காற்றே பஸ்ஸின் பிரேக்குக்கு உயிர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். 1975 முதல் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றின் தலைமையகமாக விளங்கும் விழுப்புரத்தின் பஸ் நிலையத்தில் கேட்கும் அந்தச் சீறல், வேலை முடித்த அமுக்கக் காற்று வெளியேறும் ஒலி. அங்கே எஞ்சின் ஓயாமல் காற்றைத் திரட்டித் தருகிறது. கொஞ்சம் கசிந்தாலும் ஈடு செய்துவிடும். காரில் இருப்பது ஒரே ஒரு காலின் பலம். அதில் விரயத்துக்கு இடமில்லை. காருக்கான திரவ பிரேக்கைச் செய்யும் பிரேக்ஸ் இந்தியா, கனரக வண்டிகளின் காற்று பிரேக்குக்காக ஏற்பட்ட சுந்தரம் கிளேட்டன் ஆகிய இரண்டு நிறுவனங்களும் 1962-இல், சென்னைப் பாடியில் தோன்றின என்பது நம் மாநிலத் தொழில் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

இனி எஞ்சினின் வால்வுக்கு வருவோம். அம்பாசடரின் பழைய 1,489 சி.சி. எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு வால்வுகள். எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் 1,250 முறை திறந்து மூடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் திண்டிவனத்தில் புறப்பட்டு விழுப்புரம் சேருவதற்குள் 50,000 முறை. புகைபோக்கும் எக்ஸாஸ்ட் வால்வின் தலையோ, 700 பாகை செல்சியசையும் கடந்து செந்தணலாய்க் கனலும். அது உருகிப்போகாமல் இருப்பது எப்படி? மூடியிருக்கும் சொற்ப நேரத்தில், தன் விளிம்பால் இருக்கையைத் தொட்டு, தன்மீது ஏறிய உஷ்ணத்தின் பெரும்பகுதியை அதனிடம் ஒப்படைத்துவிடுகிறது. இருக்கையைச் சுற்றியோடும் ரேடியேட்டர் தண்ணீர் அதை வாங்கிக்கொண்டு போகிறது. ஆகவே, வால்வின் இருக்கை வாயுவை அடைக்கும் கதவு மட்டுமன்று; உஷ்ணம் இறங்கும் வழியும் அதுவே. விளிம்பில் ஓரிடத்தில் கரி படிந்தோ தேய்ந்தோ ஒரு சிறு சந்து ஏற்பட்டால், அங்கே உஷ்ணம் இறங்காது. அதோடு எரியும் வாயு அந்தச் சந்தின் வழியாகப் பீறிட்டு வெல்டிங் சுடரின் உக்கிரத்தோடு உலோகத்தை அறுக்கும். சந்து பெரிதாகும், பெரிதாக ஆக இன்னும் அதிகமாக அறுக்கும். வால்வு எரிந்துவிட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வது இந்த நிலையைத்தான்.

நோயின் அறிகுறிகள் ஓட்டுகிறவருக்கே தெரியும்: ஸ்லோவில் எஞ்சின் ஒரு துடிப்பை விட்டுவிட்டு ஓடும், பிக்கப் குறையும். ஆனால் பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் சக்தி குறையுமே. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? பிளக்குகளைக் கழற்றி, கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு துளையிலும் வைத்து எஞ்சினைச் சுற்றிப் பார்க்கவேண்டும். மூன்று சிலிண்டர்களில் 120-க்குப் போகும் முள், நான்காவதில் 70-இலேயே நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி சுற்றவேண்டும். ஆயில் பிஸ்டனின் மேல் பரவி ரிங்கின் சந்துகளை அடைக்கும் ஆதலால், முள் இப்போது உயர்ந்தால் குற்றம் ரிங்கினுடையது. அசையாமல் 70-இலேயே நின்றால், ஆயில் எட்டமுடியாத இடத்தில், வால்வில், கசிவு இருக்கிறது. கேஜ் இல்லாத இடத்தில், ஓடும் வண்டியின் சைலென்சர் வாயருகே ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்ப்பார்கள். எல்லாத் துடிப்புகளும் அதை வெளியே தள்ளவேண்டும். இடையிடையே காகிதம் உட்பக்கம் இழுக்கப்பட்டால், எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று மூடவேண்டிய நேரத்தில் மூடவில்லை என்று பொருள்.

நிர்ணயமாகிவிட்டால், வால்வுகளைத் தாங்கும் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். வால்வு அதிகமாக எரியவில்லை என்றால் கையால் அரைத்தே சரிசெய்யலாம். உறிஞ்சு ரப்பர் பொருத்திய குச்சியை வால்வின் முகத்தில் ஒட்டி, 45 பாகைச் சரிவான விளிம்பில் கார்போரண்டம் பேஸ்ட்டைத் தடவி, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியை முன்னும் பின்னும் உருட்டுகிறார் மேஸ்திரி. சில உருட்டல்களுக்கு ஒருமுறை வால்வைத் தூக்கி, இடம் திருப்பி மறுபடி வைக்கிறார். இல்லாவிட்டால் ஒரே கீறல் ஆழமாகிவிடும். ஆரம்பத்தில் கரகரவென்று ஒலித்தது போகப்போக மழுங்கி, வெறும் உரசலாகத் தேய்கிறது. அப்போது பேஸ்ட்டைத் துடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில், எங்கும் அறுபடாத ஒரு வளையம் தெரியும். பென்சிலால் அந்த வளையத்துக்குக் குறுக்கே கோடுகள் இழுத்து, வால்வை இருக்கையில் வைத்து லேசாகத் திருப்பி எடுத்தால், எல்லாக் கோடுகளும் நடுவில் அழிந்திருக்கவேண்டும். ஒரு கோடு முழுதாக நின்றாலும் அந்த இடம் தொடவில்லை. கடைசிப் பரீட்சையாக, வால்வுகளையும் ஸ்பிரிங்குகளையும் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரியறைக் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சற்று நேரம் விடுவார்கள். போர்ட்டின் பக்கம் ஈரம் எட்டிப்பார்க்காவிட்டால் வேலை சுத்தம். பிரேக்கில் தீண்டவே கூடாத மண்ணெண்ணெய் இங்கே பரீட்சகராகிவிடுகிறது.

இவ்வளவு கச்சிதமாக அடைத்த பிறகு, வேண்டுமென்றே ஓர் இடைவெளியையும் விடவேண்டும். நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு நூறு பாகை சூடேறினால் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக நீளும். வால்வுத் தண்டின் உஷ்ணமோ அதைப்போல் பன்மடங்கு. வால்வை அமுக்கித் திறக்கும் ராக்கருக்கும் வால்வின் நுனிக்கும் நடுவே இடம் விடாவிட்டால், நீண்ட தண்டு ராக்கரில் முட்டி, வால்வு இருக்கையில் முழுவதும் அமராமல் அந்தரத்தில் நிற்கும். மேற்சொன்ன எரிதல் அங்கிருந்தே தொடங்கும். இந்த எஞ்சினுக்கு அந்த இடைவெளி, அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. ஒர்க்‌ஷாப் பாஷையில் பதினைந்து தௌ. அந்தக் கனமுள்ள தகட்டை நடுவே செருகி இழுத்தால், தாராளமாகவும் வரக்கூடாது, சிக்கவும் கூடாது. லேசாகப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு அழகான ஒரு கணக்கு உண்டு: எட்டாவது வால்வு முழுவதும் திறந்து நிற்கையில் ஒன்றாவதை அளக்கவேண்டும், ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதை, நான்காவதுக்கு ஐந்தாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரவேண்டும். இந்த இடைவெளியால் எழும் கட்கட என்ற டேப்பட் சத்தத்தைப் பொறுக்கமாட்டாமல் இடைவெளியை அடியோடு இறுக்கச் சொல்லும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய எஞ்சின் கொஞ்ச காலம் நிசப்தமாக ஓடும், பிறகு வால்வு எரியும். கொஞ்சம் சத்தம் இருப்பது நல்லது என்று மெக்கானிக் சொன்னால், அது சோம்பலால் சொன்ன வார்த்தை அல்ல.

நம் காலத்தில் இந்த இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வருவதற்குப் புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. முன்பு பெட்ரோலில் எஞ்சின் இடிக்காமலிருப்பதற்காக ஈயக் கூட்டுப்பொருள் ஒன்றைக் கலந்தார்கள். எரிந்த ஈயத்தின் மெல்லிய படிவு வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவே தங்கி, இரும்போடு இரும்பு ஒட்டிப் பிய்ந்துகொள்ளாமல் தடுத்தது. ஈயம் விஷம், குறிப்பாகக் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கவல்லது. ஆகவே, அது நம் தேசம் முழுவதிலும் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெட்ரோலிலிருந்து நீக்கப்பட்டது மிகவும் நியாயமே. ஆனால் ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே இருக்கையைக் கடைந்தெடுத்த பழைய எஞ்சின்களில், அந்தக் காப்பு போனபின், எக்ஸாஸ்ட் வால்வு ஒவ்வொரு அடியிலும் இருக்கையை அணு அணுவாகத் தேய்த்து உள்ளே புதைகிறது. வால்வு உள்ளே போகப் போக அதன் நுனி ராக்கரை நெருங்குகிறது. பதினைந்து தௌ பத்தாகிறது, ஐந்தாகிறது, சத்தமும் அடங்குகிறது. இதற்கு நிரந்தரப் பரிகாரம், லேத் பட்டறையில் பழைய இருக்கையைக் கடைந்தெடுத்துவிட்டு, கடினமான கலப்பு எஃகில் சீட் ரிங் இறக்கி, அதற்கேற்ற வால்வைப் பொருத்துவதே. நல்ல வால்வுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. சென்னையில் ரானே குழுமத்தார் 1959-ஆம் ஆண்டிலிருந்தே எஞ்சின் வால்வுகளைத் தயாரித்து வருகிறார்கள். சீட் ரிங் இறக்கும்வரை, மெதுவாக ஓட்டுகிறவருக்கு இருக்கையின் தேய்மானம் குறைவு. நான்கு வழிச்சாலை கிடைத்ததே என்று மணிக்கு 90-இல் விரட்டுகிறவருக்கு மிக அதிகம்.

ஹெட்டைப் பூட்டுகையில் நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரங்களை நோக்கி, ஒரே மூச்சில் இறுக்காமல் படிப்படியாக இறுக்கவேண்டும். எஞ்சின் சூடேறி ஆறியபின் காஸ்கெட் சற்று அமர்ந்துவிடும் ஆதலால், 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த நட்டுகளை மறுபடி சோதித்து இறுக்கவேண்டும். ஹெட் அமர்ந்த அளவுக்கு டேப்பட்டின் இடைவெளியும் மாறியிருக்குமாகையால், பதினைந்து தௌ தகட்டை எட்டு வால்வுகளிலும் அன்றைக்கே திரும்பவும் செருகிப் பார்த்துவிடவேண்டும்.